டவரோடு ரேடியோவில் பேசுவது எப்படி? புதிதாகப் பழகுபவர்களுக்கு

விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஆர்டிஆர் தேர்வுக்கு (விமான ரேடியோவில் பேசுவதற்கான உரிமத் தேர்வு) படிப்பவர்களுக்கும், வீட்டில் ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டி, வாட்சிமில் (சிமுலேட்டர் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் சேரும் இணைய வலையமைப்பு) பேசிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் இது. டவர் என்பது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம். விமானம் ஓட்டக்கூடப் பயமில்லை, மைக்கில் பேசத்தான் உதறுகிறது என்று சொல்பவர்கள் நிறைய. தங்கள் ஆங்கிலம் போதாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தேவைப்படும் ஆங்கிலம் கொஞ்சம்தான். காதில் விழுந்ததைச் சரியாகத் திருப்பிச் சொல்லத் தெரிந்தால் பாதிக்கிணறு தாண்டிவிடலாம்.

படி 1: பட்டனை அழுத்தும் முன் கேளுங்கள்

ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து அழுத்தினால் மற்றவர்களுக்குக் கேட்பது கீச்சென்ற இரைச்சல்தான். அலைவரிசை மாற்றியதும் சில நொடி பொறுங்கள். யாராவது கேள்வி கேட்டிருந்தால், அதற்குப் பதில் வரும்வரை குறுக்கே நுழையாதீர்கள்.

படி 2: வரிசையை மாற்றாதீர்கள்

யாரை அழைக்கிறீர்கள், நீங்கள் யார், எங்கே நிற்கிறீர்கள், என்ன வேண்டும். இவ்வளவுதான்.

"திருச்சி டவர், விக்டர் டாங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, ஹோல்டிங் பாயின்ட் ரன்வே டூ செவன், ரெடி ஃபார் டிபார்ச்சர்."

நடுவில் வருவது VT-ABC என்ற விமானத்தின் பெயர், எழுத்துக்கு ஒரு சொல்லாக. ஹோல்டிங் பாயின்ட் என்பது ரன்வேக்குள் நுழையும் முன் காத்து நிற்கும் இடம்.

நூறு, ஆயிரம் என்று முழுதாக வரும் உயரம் தவிர, எண்களை ஒவ்வொன்றாக உச்சரியுங்கள். மூன்று 'ட்ரீ', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. முதலில் சிரிப்பு வரும், அப்புறம் பழகிவிடும். இரைச்சலில் 'ஃபைவ்' எது, 'நைன்' எது என்று குழம்பாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

படி 3: எழுதிக்கொண்டே கேளுங்கள்

தொடையில் கட்டிய பலகையோ துண்டுக் காகிதமோ, எதுவானாலும் சரி. உயரம், திசை, ரன்வே, அலைவரிசை, டிரான்ஸ்பாண்டர் எண் (ராடாரில் உங்களை அடையாளம் காட்டும் எண்) ஆகியவற்றை மனதில் வைத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

படி 4: திருப்பிச் சொல்லுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ரன்வேயில் நுழைய, கடக்க, காத்திருக்க, இறங்க, புறப்படச் சொன்னால், உயரமோ வேகமோ திசையோ மாற்றச் சொன்னால், ஆல்டிமீட்டரில் (உயரங்காட்டியில்) வைக்க வேண்டிய காற்றழுத்தம் கொடுத்தால், அந்த விவரத்தை அப்படியே சொல்லி உங்கள் கால்சைனோடு (ரேடியோவில் உங்கள் விமானத்தை அழைக்கும் பெயர்) முடிக்க வேண்டும். 'ரோஜர்' போதாது. நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது என்பதற்கு மேல் அது எதையும் தெரிவிக்காது.

கோலாலம்பூரில் 1989 பிப்ரவரி 19 அன்று நடந்ததைப் பாருங்கள். ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர், "டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார். அந்த 'டூ' விமானிகளின் காதில் எண்ணாக விழவில்லை. 'ஃபோர் ஜீரோ ஜீரோவுக்கு இறங்கு', அதாவது 400 அடிக்கு, என்று எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று திருப்பியும் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று கருவி எச்சரித்தும் விமானம் ஏறவில்லை. குன்றில் மோதி, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள்.

விமானிகள் திருப்பிச் சொன்ன அந்த ஒரு வரியில் தவறு வெளியே வந்துவிட்டது. பிடிக்கத்தான் ஆளில்லை. "டிசென்ட் டூ டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று முழுதாகச் சொல்லியிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. நீங்களும் உயரத்தை அப்படியே சொல்லிப் பழகுங்கள், கடைசியில் 'ஃபீட்' சேர்த்து.

படி 5: மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

நீங்கள் தவறாகத் திருப்பிச் சொன்னால் திருத்துவது கட்டுப்பாட்டாளரின் வேலை. ஆனால் அவர் அந்த நொடியில் இன்னொரு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் "சே அகெய்ன்" அல்லது "கன்ஃபர்ம்" சொல்லிக் கேளுங்கள். அலைவரிசை எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் கேளுங்கள். எரிச்சலான குரலில் பதில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

படி 6: 'டேக் ஆஃப்' என்ற சொல்லைச் சும்மா எடுக்காதீர்கள்

மேலே 'ரெடி ஃபார் டிபார்ச்சர்' என்று எழுதியதற்குக் காரணம், டெனெரிஃப் விமான நிலையத்தில் ஒரே ரன்வேயில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரு விமானங்கள் மோதிய விபத்து. 1977 மார்ச் 27, கானரி தீவுகள், கடும் மூடுபனி. கேஎல்எம் விமானத்துக்குக் கிடைத்திருந்தது மேலே போனபின் செல்ல வேண்டிய பாதைக்கான அனுமதி மட்டுமே. அதைத் திருப்பிச் சொன்ன துணை விமானி, "வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்" என்று முடித்தார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று டவர் புரிந்துகொண்டது. விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. டவர் "ஓகே" என்று சொல்லிச் சற்று நிறுத்திவிட்டு, காத்திருக்கச் சொன்னது. அதே நொடியில், தாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருப்பதாக பான் ஆம் விமானிகள் சொன்னார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ, கேஎல்எம் விமானி அறைக்குள் கேட்டது ஒரு 'ஓகே'யும் கீச்சொலியும். இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

இப்போது புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக் ஆஃப்' வரும். நீங்கள் அதைச் சொல்ல வேண்டியது, கிடைத்த அனுமதியைத் திருப்பிச் சொல்லும்போது. மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்'.

படி 7: ஆபத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லாதீர்கள்

1990 ஜனவரியில் நியூயார்க் மேலே நெடுநேரம் வட்டமிட வைக்கப்பட்ட ஏவியாங்கா 52-இன் விமானிகள், எரிபொருள் தீர்வதாகச் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். 'எமர்ஜென்சி' என்று மட்டும் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லவில்லை. என்ஜின்கள் நின்று, லாங் ஐலண்டில் விழுந்த அந்த விமானத்தில் 73 பேர் இறந்தார்கள்.

இனித் தாமதமானால் கடைசி இருப்பில் (இறங்கும்போது மிச்சம் இருந்தே ஆக வேண்டிய எரிபொருளில்) கைவைக்க வேண்டியிருக்கலாம் என்றால் "மினிமம் ஃப்யூயல்". இது தகவல் மட்டுமே, இதைச் சொன்னதால் வரிசையில் முன்னே விட மாட்டார்கள். இறங்கும்போது அந்தக் கடைசி இருப்பே குறைந்திருக்கும் என்று கணக்குக் காட்டினால், "மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்". சிமுலேட்டரில் டாங்கைக் கிட்டத்தட்ட காலியாக வைத்து இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாட்சிமில் இணையாமல், தனியாக.