பாலே டூட்டூ: பலரும் செய்யும் தவறுகள்

பாலே என்றதும் இடுப்பிலிருந்து தாம்பாளம் போல விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடைதான் பலருக்கு நினைவுக்கு வரும். எல்லாக் காலத்துப் பாலேவுக்கும் அதையே மாட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. டூட்டூ என்ற பெயரில் குறைந்தது இரண்டு வகை ஆடைகள் இருக்கின்றன. முதலில் வந்தது நீளமானது.

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' மேடையேறியது. காற்றில் வாழும் தேவதையாக மாரி தாலியோனி ஆடினார். நடனத்தை அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. இறுக்கமான மேலாடை, அதன் கீழே மெல்லிய வெள்ளைத் துணியில் மணி வடிவப் பாவாடை. அது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் முடிந்தது. அந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. நுனிவிரலில் நின்று ஆடும் பாதம் பார்வையாளருக்குத் தெரிய வேண்டும். அதே சமயம் அவள் தரையில் கால் பாவாதவள் என்ற மயக்கமும் கலையக் கூடாது. 1841இல் வந்த 'ஜிசெல்' பாலேயின் இரண்டாம் அங்கத்திலும் இதே நீள வெள்ளை ஆடைதான். ஆக, ஜிசெல் படம் வரைபவர்கள், குழந்தைகளுக்கு வேஷம் போடுபவர்கள் குட்டை டூட்டூவைத் தொட வேண்டாம்.

பாவாடையை முதன்முதலில் உயர்த்தியவர் தாலியோனி என்று எழுதுவதும் சரியில்லை. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, அதே பாரிஸில், மாரி கமார்கோ தன் வேகமான காலடி வேலை தெரிய வேண்டும் என்பதற்காக விளிம்பை மேலே ஏற்றிவிட்டார்.

அப்புறம் 'ஸ்வான் லேக்'. 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெத்திபாவும் இவானோவும் அமைத்த வடிவத்தில் ஆடிய இத்தாலியர் பியெரினா லென்யானி, ஒற்றைக் காலில் நின்று மறுகாலை வீசிச் சுழலும் ஃபுவெட்டே சுழற்சிகளைத் தொடர்ந்து 32 முறை போட்டுப் பெயர் வாங்கியவர். அவர் தட்டையான டூட்டூவில் சுழன்றதாக நினைத்துக்கொள்கிறோம். அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பாருங்கள்: பாவாடை முழங்காலை ஒட்டித் தொங்குகிறது. இத்தாலிய ஆட்டக்காரிகளின் கடினமான சுழற்சிகளும் தாவல்களும் ரஷ்யாவில் பரவப் பரவ, கால் முழுவதும் தெரிய வேண்டிய தேவை வந்தது. பாவாடையும் குறுகிக்கொண்டே போனது. உள்ளே கம்பி வளையம் வைத்துக் கிடையாக நிற்கும் தட்டை வடிவம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. அந்தக் கம்பியும் நிரந்தரமில்லை. மேடையில் பலர் நெருங்கி ஆடும்போது வளையங்கள் ஒன்றோடொன்று மோதிச் சாயும். 1950இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்சீனின் 'சிம்பனி இன் சி' பாலேவுக்காக பார்பரா கரின்ஸ்கா வளையத்தை எடுத்துவிட்டு, அடுக்குகளைக் குறைத்து, மெத்தென்று தாழும் டூட்டூவைத் தைத்தார். அந்தத் தீர்வின் எளிமை எனக்கு இன்றும் வியப்புதான்.

ரஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் 'இறக்கும் அன்னம்' ஸ்வான் லேக்கின் ஒரு காட்சி என்று எழுதுவதும் பரவலான பிழை. அது ஃபோக்கின் அமைத்த, சில நிமிடமே நீளும் தனி நடனம். இசை சான்-சான்ஸுடையது, சாய்காவ்ஸ்கியுடையது அல்ல. இந்தப் பாவ்லோவாவுக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு: கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார், பாவ்லோவாதான் அவரை இந்திய நடனத்தின் பக்கம் திரும்பச் சொன்னார்.

எட்கர் டெகாவின் 'பதினான்கு வயதுச் சிறிய நடனக்காரி' சிலையைப் பார்த்து அக்காலத்துப் பாவாடை நீளத்தை முடிவுசெய்வதையும் தவிர்க்க வேண்டும். 1881இல் அவர் காட்சிக்கு வைத்தது நிஜத் துணி அணிந்த மெழுகுச் சிலை. இன்று பல அருங்காட்சியகங்களில் இருப்பவை அவர் இறந்த பிறகு வார்த்த வெண்கலப் பிரதிகள். அவற்றின் பாவாடைகள் காலப்போக்கில் மாற்றப்பட்டவை; ஊருக்கு ஊர் நீளமும் வேறு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. டூட்டூவின் வரலாற்றை வெறும் அழகின் கதையாகச் சொல்லிவிடுவது. அந்த மெல்லிய துணி எரிவாயு விளக்குகளுக்குப் பக்கத்தில் ஆடியது. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1844இல் கிளாரா வெப்ஸ்டர் உடையில் தீப்பிடித்து இறந்தார். பிரான்ஸில் 1859இல் மேடை உடைகளைத் தீப்பிடிக்காதபடி ரசாயனத்தில் தோய்க்க வேண்டும் என்று ஆணையே வந்தது. ஆனால் தோய்த்த துணி விறைத்தது, வெண்மை மங்கியது. தாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி அதை அணிய மறுத்தார். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையில் அவர் பாவாடையை விளக்கின் தீ பற்றியது. அப்போது அவருக்கு வயது 20. எட்டு மாதங்கள் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். எரிந்து எஞ்சிய உடைத்துண்டுகள் பாரிஸ் ஓபராவின் நூலக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வீம்பால் செத்தார் என்று அவர் மேல் பழிபோடுவது நியாயமில்லை. எடையற்றுத் தெரிவதுதான் அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட வேலை. விறைத்த துணியில் அதைச் செய்ய முடியாது.

வீட்டில் தைப்பவர்கள் செய்யும் தவறு, எல்லா அடுக்கையும் இடுப்புப் பட்டியிலேயே சுருக்கிவைத்துத் தைப்பது. அப்படிச் செய்தால் எவ்வளவு விறைப்பான நெட் வாங்கினாலும் அது கீழே தொங்கத்தான் செய்யும். நிஜ டூட்டூவைத் திருப்பிப் பார்த்தால் ரகசியம் தெரியும். இடுப்புப் பட்டைக்குக் கீழே உடம்பை ஒட்டிய குட்டைக் கால்சட்டை இருக்கும். பத்து, பன்னிரண்டு அடுக்கு நெட்டும் அதன் மேல்தான் வரிவரியாகத் தைக்கப்பட்டிருக்கும். தொடைப் பக்கம் ஓரிரு அங்குல அகலச் சுருக்கம். மேலே வரவர ஒவ்வொன்றும் கொஞ்சம் அகலம். கீழ் அடுக்கு மேல் அடுக்கைத் தாங்குவதால்தான் பாவாடை கிடையாக நிற்கிறது. கடைசியில் அடுக்குகளை நூலால் அங்கங்கே தளர்வாகக் கோத்துவிடுவார்கள். அந்த நூலை இறுக்கி இழுத்துவிட்டால் பாவாடை மேடுபள்ளமாகும், ஆடும்போது அசையாது.

பராமரிப்பிலும் கவனம் வேண்டும். சாதாரண உடை மாதிரி ஹேங்கரில் மாட்டினால் அடுக்குகள் தம் எடையிலேயே சரிந்துவிடும். தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் தட்டையாகப் படுக்கவைக்க வேண்டும். வாஷிங் மெஷினில் போட்டால் விறைப்பு போய்விடும்; சூடான இஸ்திரிப்பெட்டி நைலான் நெட்டை உருக்கிவிடும். வியர்வை நாற்றம் போக, பல பாலே குழுக்களின் உடைப் பிரிவில் மேலாடையின் உட்புறத்தில் வோட்காவைத் தெளித்துக் காயவிடுவது வழக்கம். டூட்டூ மாட்டியபின் உட்காராதீர்கள், பின்பக்க அடுக்குகள் நசுங்கிவிடும்.

கற்றுக்கொள்பவர்களுக்கு ஒன்று: மேடையேறும் நாளில்தான் முதன்முதலாக டூட்டூ அணிவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தட்டை டூட்டூ போட்டதும் கீழே பார்த்தால் சொந்தக் கால் தெரியாது. கைகளைத் தாழ்த்தும் கோணம் மாறும். ஜோடியாக ஆடுபவர் முன்பைவிடத் தள்ளி நிற்க வேண்டும், தூக்கும்போது பாவாடை அவர் முகத்துக்கு நேரே எழும். அலங்காரம் இல்லாத ஒத்திகை டூட்டூ இதற்காகவே இருக்கிறது. இருவர் ஆடும் பகுதியைப் பழகத் தொடங்கும்போதே அதை மாட்டிக்கொள்ளுங்கள்.