ஈறு நோயும் குடல் அழற்சியும்: புதிய பல் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் இளம் பல் மருத்துவர்களைப் பார்த்தால், எங்கள் தலைமுறை அந்த வயதில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். சின்னச் சின்னச் சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்களில் ஒன்று உள்ளவர் ஈறு நோயோடு வரும்போது நடப்பவை மட்டும் இங்கே.

கேட்காமல் எழுதும் வலி மாத்திரை

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஈறில் சீழ் கட்டி ஒருவர் வருகிறார். கை தானாக டைக்ளோஃபினாக் அல்லது இபுப்ரோஃபென் எழுதிவிடுகிறது. இந்த மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரப்பதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. குடலின் உட்சுவரைக் காப்பதிலும் அதே புரோஸ்டாகிளாண்டினுக்குப் பங்கு உண்டு. அடங்கிக் கிடந்த குடல் நோய் சிலருக்கு இதனால் மறுபடி கிளம்பலாம்.

அப்படி ஒரு பெண், மாத்திரை வாங்கிப் போனவர், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தார். படிவத்தில் 'வேறு நோய்கள்' என்ற இடம் காலி. "பல் டாக்டருக்கு வயிறு எதுக்குன்னு எழுதலை" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியது நாம். கூடவே ஆன்டிபயாடிக்கும் போயிருந்ததால், எது கிளப்பிவிட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வரும் வயிற்றுப்போக்கு என்றால் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் தொற்றையும் சோதிக்க வேண்டும், அந்த அலைச்சல் வேறு. இத்தனைக்கும் முதல் வேலை சீழை வெளியேற்றுவதுதான். வலிக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால் போதும். போதாவிட்டால் குடல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"ஈறு கெட்டதால்தான் குடல் கெட்டது" என்பது

குடல் அழற்சி உள்ளவர்களிடம் ஈறு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது, சரி. 2020-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், ஈறு அழற்சியால் பெருகிய வாய்க் கிருமிகள் உமிழ்நீரோடு இறங்கி, ஏற்கெனவே புண்பட்டிருந்த குடலை மேலும் மோசமாக்கின. அது எலி. ஈறைச் சுத்தம் செய்தால் குடல் நோய் குணமாகும் என்று நோயாளிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஈறுக்காகவே ஈறைச் சரிசெய்யுங்கள்.

இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப்

குடல் நோய்க்காக உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் இந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

உதட்டு வீக்கம், ஆறாத வாய்ப்புண்

எல்லாவற்றையும் ஈறின் தலையில் கட்டாதீர்கள். கிரோன் நோய் வாயிலும் வரும்; சிலருக்குக் குடலில் தெரிவதற்கு முன்பே.

புகைப்பவரின் ஈறு

ரத்தம் குறைவாகத்தான் கசியும். அதைப் பார்த்து 'நலம்' என்று எழுதாமல், அளவுகோலை ஈறுக்குள் விட்டு ஆழத்தை அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கவனம் தேவை.