கிளவுட் செலவுக் கணிப்பு: யார் பார்க்கலாம், எங்கே தவறு நடக்கிறது

கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு, மாற நினைக்கும் சிறு நிறுவனங்களும் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் முதலில் செய்யும் தவறு, செலவைத் தெரிந்துகொள்ளவே அக்கவுண்ட் திறந்து கார்டு விவரம் கொடுக்க வேண்டும் என்று நினைப்பது. தேவையே இல்லை. அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்டின் அஸூர், கூகுள் கிளவுட் மூன்றின் பிரைசிங் கால்குலேட்டர்களும் (செலவைக் கணக்கிடும் இணையப் பக்கங்கள்) எல்லோருக்கும் திறந்தவை. லாகின் இல்லாமலே சர்வர், ஸ்டோரேஜ், டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து மாதச் செலவைப் பார்த்துவிடலாம். கணக்குப் போட்ட பிறகு அக்கவுண்ட் திறப்பதுதான் சரியான வரிசை.

அப்படியானால் லாகின் எதற்கு? நிறுவனத்துக்கு ஒப்பந்தத் தள்ளுபடி இருந்தால், பொதுவில் தெரியும் விலை உங்கள் விலை அல்ல. அஸூர் கால்குலேட்டரில் உள்நுழைந்தால்தான் ஒப்பந்த விலை வரும். ஏடபிள்யூஎஸ்ஸிலும் கன்சோலுக்குள் (லாகின் செய்து அக்கவுண்டை நிர்வகிக்கும் பக்கம்) இருக்கும் கால்குலேட்டர்தான் உங்கள் தள்ளுபடியைக் கழித்துக் காட்டும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். இதைக் கவனிக்காமல் பொது விலையை வைத்து பட்ஜெட் போட்டு, கட்டுப்படியாகாது என்று நல்ல திட்டத்தையே கைவிடுவது வருத்தமான விஷயம்.

ஏடபிள்யூஎஸ்ஸின் பொதுக் கால்குலேட்டரில் கணிப்பைச் சேமித்தால் ஒரு லிங்க் கிடைக்கும். அந்த லிங்க் கையில் இருக்கும் யாரும் அதைத் திறக்கலாம், பாஸ்வேர்ட் கேட்காது. ஆகவே வாடிக்கையாளர் பெயரையோ உள் ப்ராஜெக்ட் பெயரையோ அதில் எழுதாதீர்கள்.

இதுவரை சொன்னது செலவு ஆவதற்கு முன்பு போடும் கணக்கு. ஆன செலவைக் காட்டும் கருவிகள் வேறு, அவை எல்லோருக்கும் திறக்காது. பெரிய தவறு நடப்பது இங்கேதான். தனியாகத் திறந்த ஏடபிள்யூஎஸ் அக்கவுண்டில், அட்மின் அனுமதி உள்ள ஐஏஎம் யூசருக்குக்கூட (அக்கவுண்டுக்குள் ஊழியர்களுக்கு உருவாக்கித் தரும் தனி லாகின்) ஆரம்பத்தில் பில்லிங் பக்கம் தெரியாது. ரூட் யூசர், அதாவது அக்கவுண்டைத் திறந்தபோது உருவான முழு அதிகார லாகின், உள்நுழைந்து, ஐஏஎம் யூசர்கள் பில்லிங் விவரம் பார்க்கலாம் என்ற அமைப்பை இயக்க வேண்டும். அப்புறம் பாலிசி (யார் எதைச் செய்யலாம் என்ற விதி) மூலம் அனுமதி தர வேண்டும். பல அலுவலகங்களில் இது தெரியாமல், பில் பார்க்க வேண்டும் என்று கணக்காளர் கேட்டவுடன் ரூட் பாஸ்வேர்டையே கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ரூட் இருந்தால் அக்கவுண்டையே மூடிவிட முடியும். பில்லைப் படிக்க மட்டும் அனுமதியுள்ள யூசர் ஒன்றை உருவாக்கச் சில நிமிடங்கள் போதும். அஸூரில் இதற்கு காஸ்ட் மேனேஜ்மென்ட் ரீடர் என்ற ரோலும் (அனுமதிகளின் தொகுப்பு), கூகுளில் பில்லிங் அக்கவுண்ட் வியூவர் என்ற ரோலும் தயாராகவே இருக்கின்றன.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. செலவு விவரம் ரகசியம் என்று சொல்லி டெவலப்பர்களுக்கு எதையும் காட்டாமல் வைப்பது. சர்வரைப் பெரிதாக எடுப்பதும் சிறிதாக எடுப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பார்க்காத செலவை யாரால் குறைக்க முடியும்? குறைந்தபட்சம் தங்கள் ப்ராஜெக்டின் செலவையாவது அவர்கள் பார்க்கட்டும்.

கணிப்பிலும் சில சறுக்கல்கள் உண்டு. ரீஜன், அதாவது சர்வர் இருக்கும் பகுதி, முதலாவது. மும்பையில் ஓடப்போகும் சர்வருக்கு அமெரிக்க ரீஜன் விலையைப் பார்த்துவிடுவார்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் இருந்து இணையத்துக்குப் போகும் டேட்டாவுக்கு ஆரம்ப அடுக்கின் விலை வர்ஜீனியாவில் ஜிபிக்கு 9 சென்ட், மும்பையில் கிட்டத்தட்ட 11 சென்ட். அடுத்தது வரி. ஏடபிள்யூஎஸ்ஸின் பொதுக் கால்குலேட்டர் வரியைச் சேர்ப்பதில்லை. இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். மாதக் கணக்கு 730 மணி நேரம் என்று வருவது சர்வர் இரவும் பகலும் ஓடும் என்ற கணக்கு. அலுவலக நேரத்தில் மட்டும் ஓடும் டெஸ்ட் சர்வருக்கு அதை மாற்றிப் போடுங்கள்.

ஆன செலவைக் காட்டும் ஏடபிள்யூஎஸ் கருவியான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரை முதல்முறை இயக்கினால் நடப்பு மாத விவரம் வர ஒரு நாள் வரை ஆகலாம்; இன்று மீட்டிங் என்றால் நேற்றே இயக்கியிருக்க வேண்டும். கன்சோலில் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் அதன் ஏபிஐயை (ப்ரோக்ராம்கள் விவரம் கேட்டு வாங்கும் வழி) ஸ்கிரிப்ட் எழுதி அழைத்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சென்ட். நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிட்டால் நாளொன்றுக்கு 1,440 அழைப்புகள், அதாவது 14.40 டாலர். அந்த விவரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதும் இல்லை. நாளுக்கு ஒருமுறை அழைத்தால் போதும்.