வந்தவரை விரட்டும் இணையதளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளத்தை வடிவமைப்பவர் பெரிய திரைக்கு முன்னால், வேகமான இணைப்போடு, சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். அதைத் தேடி வருகிறவரோ ஒரு கையில் பையும் மறு கையில் கைபேசியுமாக நிற்கிறார். கட்டைவிரல்தான் அவருக்கு மவுஸ். இந்த இரண்டாவது ஆளை மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதலில் எழுத்து. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து நாசூக்காகத் தெரியும். வெயிலில் நின்று அதையே படித்துப் பாருங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்கின்றன, மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழிசொல்லும் சர்வதேச அணுகல் நெறிமுறைகள். கறுப்பும் வெள்ளையும் 21:1. வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த, #999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல், வெள்ளையின்மேல் 2.85:1 அளவையே எட்டுகிறது. #767676 வரை அடர்த்தியைக் கூட்டினால் தேறிவிடும். தமிழில் தளம் அமைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: ஆங்கிலத்துக்கென்று வைத்த வரி இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால், மேல்வரியில் உள்ள ‘கூ’வின் கால் கீழ்வரியில் உள்ள ‘கீ’யின் தலையில் இடிக்கும்.

அடுத்தது, பக்கம் துள்ளுவது. ‘ரத்து செய்’ பொத்தானை நோக்கி விரலை இறக்குகிறீர்கள். அந்த நொடியில் மேலே ஒரு படம் தாமதமாக வந்து உட்காருகிறது. பக்கம் முழுவதும் கீழே சரிகிறது. விரல் படுவது ‘பணம் செலுத்து’ மீது. படத்தின் அகலமும் உயரமும் நிரலில் குறிப்பிடப்படவில்லை, ஆகவே பிரவுசர் அதற்கு இடம் ஒதுக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இரண்டு எண்களை எழுதினால் தீரக்கூடிய சங்கடம் இது. விளம்பரப் பெட்டிகளுக்கும் இப்படியே முன்கூட்டி இடம் ஒதுக்கலாம். பொத்தான்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் துள்ளல் இல்லாமலேயே விரல் தவறும். 2023இல் வெளியான அணுகல் நெறிமுறைப் பதிப்பு 24 பிக்சலுக்கு 24 பிக்சல் என்பதைப் பொத்தானின் குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால் அது கஞ்சத்தனமான அளவு. 44 வரை போவது நல்லது.

படிவங்களுக்கு வருவோம். என் பொறுமையை அதிகம் சோதித்தவை இவைதான். ஒருமுறை பன்னிரண்டு கட்டங்களை நிரப்பி அனுப்பினேன். ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. எந்தக் கட்டம், என்ன தவறு என்ற விவரம் இல்லை. நிரப்பியவை எல்லாம் அழிந்தும் போயிருந்தன. மூன்றாம் முறைதான் புரிந்தது, தொலைபேசி எண்ணின் நடுவே நான் விட்ட ஓர் இடைவெளியே குற்றம். அந்த இடைவெளியை நீக்கிக்கொள்வது கணினிக்கு ஒரு வரி வேலை. அதை மனிதன் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

கட்டத்தின் பெயரை அதன் உள்ளேயே மங்கலாக எழுதிவைப்பதும் படிவங்களில் பரவலாகக் காணும் தவறு. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் பெயர் மறைந்துவிடும். பாதியில் யாராவது கூப்பிட்டுத் திரும்பி வந்தால், நிரப்பிக்கொண்டிருந்தது பிறந்த தேதியா, சேர்ந்த தேதியா என்று தெரியாது. பெயர் கட்டத்துக்கு வெளியே, மேலே நிற்கட்டும். எண் மட்டும் கேட்கும் கட்டத்தைத் தொட்டால் எண் விசைப்பலகைதான் எழ வேண்டும்.

வாசலிலேயே மறிக்கும் பாப்-அப், தானாக ஒலிக்கும் வீடியோ, முகப்பில் மாறி மாறி ஓடும் படங்கள் ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை, எடுத்துவிடுங்கள். கைபேசியில் விரல்களால் பக்கத்தைப் பெரிதாக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வழக்கத்தையும்தான். கண்பார்வை குறைந்தவருக்கு அது கதவைச் சாத்துவதற்குச் சமம்.

தளத்தை வெளியிடும் முன் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு பொத்தானாகத் தாவ ‘டேப்’, திறக்க ‘என்டர்’ என இரண்டு விசைகளை மட்டும் அழுத்திக்கொண்டே முதல் பக்கத்திலிருந்து படிவம் வரை போய்ப் பாருங்கள். இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்டும் மெல்லிய கோட்டை, அழகைக் கெடுக்கிறது என்று யாரோ நீக்கியிருப்பார்கள். கையால் மவுஸ் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்வது அந்தக் கோடுதான்.