சிபேப் மாஸ்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூக்கப் பரிசோதனை செய்து, தூக்கத்தில் அடிக்கடி மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா என்று உறுதியாகி, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் இயந்திரமும் காசு போட்டு வாங்கியிருப்பார்கள். கொஞ்ச நாளில் அது பீரோ மேல் ஏறிவிடும். ஏன் என்று கேட்டால் "எனக்கு ஒத்துக்கலை" என்பார்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் போனது இயந்திரம் இல்லை, மாஸ்க். அதன் வகையை மாற்றலாம், அளவை மாற்றலாம், மாட்டும் விதத்தை மாற்றலாம். இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் ஒரு நல்ல சிகிச்சையைக் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

கைவிட்டால் என்ன நடக்கும்? தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி எழுப்பும், இரத்த அழுத்தம் ஏறும். காலையில் நமக்கு எதுவும் நினைவிருக்காது. மூச்சு முழுதாக நிற்பதையும் ஓரளவு குறைவதையும் சேர்த்து எண்ணுவார்கள்; ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி நீடிக்க வேண்டும். மணிக்கு 5 முதல் 15 என்றால் லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மணிக்கு 30 என்றால் ராத்திரி முழுக்க இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு தடைபடுகிறது. அப்படித் தூங்கி எழுந்தவர் மறுநாள் வண்டி ஓட்டுகிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இதற்குக் காற்றழுத்தத்தால் வழி கண்டவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். 1980இல் சிட்னியில் தொடங்கி, 1981இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஐந்து நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அந்தத் தொடக்க காலத்தில் மாஸ்க்கைத் தினமும் ராத்திரி முகத்தில் பசை வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைக்குக் கடையில் இத்தனை வகை இருக்கும்போது, முதலில் கையில் கிடைத்த ஒன்றோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. மூக்கின் துளைகளில் மட்டும் பொருந்தும் நேசல் பில்லோ, மூக்கை மூடும் நேசல் மாஸ்க், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் என்று மூன்று வகை. "நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவேன், அதனால் பெரியதே வாங்கிவிடலாம்" என்று பலரும் மூன்றாவதை எடுக்கிறார்கள். அது கனமானது. முகத்தில் படும் விளிம்பு நீளம் என்பதால் காற்று கசியும் இடமும் அதிகம். சிலருக்குத் தாடையைப் பின்னால் தள்ளி, மூச்சுப் பாதையை இன்னும் குறுக்கிவிடும். அப்போது அழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும்.

வாய்வழி மூச்சுக்குக் காரணம் பல பேருக்கு மூக்கடைப்புதான். தூசு அலர்ஜி, மூக்கின் உள்ளே வளைந்த நடுத்தடுப்பு, நாள்பட்ட சைனஸ் எதுவாக இருந்தாலும் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உப்புநீர் ஸ்ப்ரேயோ, அவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயோ போட்டு மூக்கு திறந்ததும் வாய் தானாக மூடிக்கொள்வதுண்டு. அப்படியும் திறந்தால் தாடைப் பட்டை இருக்கிறது. வாயில் டேப் ஒட்டுவதை நீங்களாகச் செய்ய வேண்டாம். மூக்கு சரியாகவே ஆகாதவர்களுக்கு ஃபுல் ஃபேஸ்தான் வழி, அதில் தவறில்லை. ஆனால் தானாகக் கழற்ற முடியாத நிலையில் உள்ள பெரியவர்களுக்கு அதை மாட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வாந்தி வந்தால் ஆபத்து.

இரண்டாவது தவறு இன்னும் பரவலானது. காற்று கசிந்தால் பட்டையை இழுத்து இறுக்குவது. சிலிகான் விளிம்பு பெரும்பாலும் இரண்டு அடுக்காக இருக்கும். சைக்கிள் ட்யூப் போல அது காற்று நிரம்பி உப்பினால்தான் முகத்தோடு படியும். இறுக்கினால் அடுக்கு நசுங்கி, கசிவு கூடத்தான் செய்யும். காலையில் மூக்குத் தண்டில் சிவந்த தடம், கொஞ்ச நாளில் புண். பட்டைக்கு அடியில் ஒரு விரல் சுலபமாக நுழையாவிட்டால் அது இறுக்கம்.

சரியாக மாட்டுவது இப்படி: நீங்கள் எப்படித் தூங்குவீர்களோ அப்படிப் படுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைப் போட்டு அழுத்தம் ஏறட்டும். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, விளிம்பு உப்பியதும் திரும்ப வையுங்கள். கசிவு நிற்கும் வரை மட்டும் இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். ஒருக்களித்துப் படுத்தும் பாருங்கள். கடையில் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தது படுக்கையில் செல்லாது. படுத்தால் கன்னமும் தாடையும் இடம் மாறிவிடும். அளவிலும் கவனம் வேண்டும். ஒரு கம்பெனியின் மீடியமும் இன்னொன்றின் மீடியமும் ஒன்றல்ல. அளவு அட்டையை முகத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள். சேரவில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்று காசு கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தண்டில் புண் வந்தவர்கள் மூக்குக்குக் கீழே மட்டும் பொருந்தும் வகைக்கு மாறலாம்.

மாஸ்க்கின் முன்பக்கத்திலுள்ள சின்னத் துளைகள் வழியாக எப்போதும் காற்று வரும். அது கசிவு இல்லை. நாம் விடும் கரியமில வாயு வெளியேறும் வழி. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அதில் பிளாஸ்டர் ஒட்டுவது அபாயம். உண்மையான கசிவை இயந்திரமே சொல்லும். ரெஸ்மெட் நிறுவனத்தின் இயந்திரங்களில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு.

எண்ணெய் முகத்தோடு படுப்பதும் கசிவுக்குக் காரணம். நைட் க்ரீம், தலையிலிருந்து நெற்றிக்கு இறங்கும் தேங்காய் எண்ணெய், இரண்டுமே சிலிகானை வழுக்க வைக்கும், நாளாவட்டத்தில் கெடுக்கவும் செய்யும். முகம் கழுவிவிட்டு மாட்டுங்கள். தாடி வைத்தவர்களுக்கு நேசல் பில்லோ எளிது. விளிம்பைத் தினமும் மென்மையான சோப்பில் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் பெட்டிகளும் வேண்டாம். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் லட்சக்கணக்கான இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரை சிதைந்ததுதான் பிரச்சினை. ஓசோன் அந்தச் சிதைவை விரைவுபடுத்தலாம் என்று அந்த நிறுவனமே எச்சரித்தது.

முதல் நாளே ராத்திரி முழுக்கப் போட்டுத் தூங்க வேண்டும் என்று நினைத்து, மூச்சு முட்டி, பயந்து நிறுத்தியவர்கள் பலர். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். ரேம்ப் வசதியைப் போட்டால் அழுத்தம் குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏறும். அப்புறம், நடு ராத்திரியில் கழற்றி வைக்கிற பழக்கம். நாலு மணி நேரம் போட்டாச்சே என்று திருப்திப்படாதீர்கள். கனவு வரும் ரெம் தூக்கம் பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் வருகிறது. தசைகள் மிகவும் தளர்வதும், பலருக்கு மூச்சுத் தடை மோசமாவதும் அப்போதுதான். விழிப்பு வந்தால் ரேம்ப்பை மறுபடி தட்டிவிட்டு மாஸ்க்கோடு படுங்கள்.

காற்றை ஈரமாக்க இயந்திரத்தோடு வரும் ஈரப்பத டப்பாவில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்தால் ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள்.

காந்த க்ளிப் வைத்த மாஸ்க் வாங்குகிறீர்களா? மாட்டுவது சுலபம்தான். ஆனால் உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவியோ, உடலுக்குள் உலோகப் பொருளோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். 2022 செப்டம்பரில் பிலிப்ஸ் இதற்காகவே தன் காந்த மாஸ்க்குகள் பற்றி எச்சரிக்கை விட்டது. நோயாளி மட்டுமில்லாமல், மனைவி, கணவர், கூடவே தூங்கும் பேரன் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

இளைத்துவிட்டேன், இனி தேவையில்லை என்று தானாக நிறுத்துவதும் தவறு. எடையில் 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத் தடைகள் சுமார் 26 சதவீதம் குறையலாம் என்று 2000ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு ஒன்று கணித்தது. நல்ல பலன்தான். ஆனால் மணிக்கு 50 இருந்தவருக்கு அப்போதும் தீவிர நிலைதான். மறுபடி பரிசோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். அழுத்தத்தை நீங்களாக ஏற்றி இறக்காதீர்கள். மதுவும் சில தூக்க மாத்திரைகளும் தொண்டையை மேலும் தளர்த்தும்.

கரண்ட் போகும் ஊரில் இருந்தால், பேட்டரியில் ஓடும்போது ஈரப்பத டப்பாவை அணைத்துவிடுங்கள். அதிகம் இழுப்பது அந்தச் சூடாக்கிதான். ஏதாவது அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தால் இயந்திரத்தையும் பழகிய மாஸ்க்கையும் கையோடு கொண்டுபோய், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் சேரும் அந்த முதல் சில இரவுகளில்தான் அது மிகவும் தேவைப்படும்.