மட்டக்களப்புக்குப் பறப்போர் இரண்டாவது செய்மதி மீடிறனைப் பயன்படுத்தும் முறை

மட்டக்களப்பு விமான நிலையம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், வளிமண்டலத்தின் மின்னேற்றமுள்ள மேலடுக்கான அயனமண்டலம், விமானத்தின் இடத்தை அறிய உதவும் செய்மதிச் சமிக்ஞைகளை இங்கு கூடுதலாகத் தாமதப்படுத்துகிறது. அத்தாமதம் மீடிறனின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதத்தில் மாறுவதால், 1575.42 மெகாஹேர்ட்ஸில் வரும் எல்-1 சமிக்ஞையுடன் 1176.45 மெகாஹேர்ட்ஸில் வரும் எல்-5 சமிக்ஞையையும் பெறும் வாங்கி (சமிக்ஞை பெறும் கருவி), தாமதத்தின் பெரும்பகுதியைத் தானே கணித்து நீக்கிவிடும். எல்-5 விமானப் போக்குவரத்துக்கெனப் பாதுகாக்கப்பட்ட பட்டையில் இருப்பது இன்னொரு நன்மை.

முதலில், உங்கள் வாங்கி இரட்டை மீடிறனுக்கு ஏற்பளிக்கப்பட்டதா என்பதை விமானத்தின் பறப்புக் கைந்நூலில் உறுதிசெய்யுங்கள். ஏற்புப் பெறாத கைக்கருவி எத்தனை செய்மதிகளைக் காட்டினாலும் அதை நம்பித் தரையிறங்கும் அணுகலை மேற்கொள்ளக் கூடாது.

அடுத்து, புறப்படுமுன் செய்மதிகளின் கிடைப்பு முன்கணிப்பைப் பாருங்கள். ஜீ.பி.எஸ் போன்ற ஒரே செய்மதித் தொகுதியில், ஏதேனும் ஒரு செய்மதி பிழையாக இருப்பதை அறிய 5 செய்மதிகளும், பிழையானதை விலக்க 6 செய்மதிகளும் தேவை; ஜீ.பி.எஸ்ஸுடன் ஐரோப்பியத் தொகுதியான கலிலியோவையும் சேர்த்தால், இரு தொகுதிகளின் நேர வேறுபாட்டைக் கணிக்க மேலும் ஒன்று வேண்டும்.

சூரியன் மறைந்த பின் அயனமண்டலத்தால் எழும் சமிக்ஞை மினுக்கத்தை (சமிக்ஞையின் வலு விரைவாக ஏறியிறங்குவதை) இரண்டாவது மீடிறன் தீர்க்காது. தாழ்ந்த மீடிறனான எல்-5 அதில் கூடுதலாகவே பாதிக்கப்படும். ஆகவே, மாலைப் பறப்புகளில் மீடிறன்களைவிட வானில் பரவலாகத் தெரியும் செய்மதிகளின் எண்ணிக்கையையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். காட்டப்படும் இடத்தை நம்ப முடியாது என வாங்கி தரும் முழுமைநிலை எச்சரிக்கை தோன்றினால் அணுகலைக் கைவிட்டு உடனே மேலெழுங்கள்.