காட்டின் மைலேஜ்: நீர்ப் பயன்பாட்டுத் திறனைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேப்பங்கிளை ஒன்றில் பாலித்தீன் பையைக் கட்டி வைக்கும் சோதனையைப் பள்ளியில் செய்திருப்பீர்கள். மதியத்துக்குள் பையின் உட்புறம் வியர்த்து, துளிகள் அடியில் திரண்டிருக்கும். கரியமில வாயுவை உள்ளே விட வேண்டுமானால் இலை தன் துளைகளைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் நீராவி வெளியேறிவிடும். ஒரு மூலக்கூறு வாயுவைப் பிடிக்க நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. இந்த வரவு செலவை ஓர் இலைக்குப் பதில் முழுக் காட்டுக்கோ புல்வெளிக்கோ போட்டால் கிடைப்பதுதான் சூழல்மண்டலத்தின் நீர்ப் பயன்பாட்டுத் திறன். ஒளிச்சேர்க்கையால் சேர்ந்த கரிமத்தை, அந்த நிலத்திலிருந்து ஆவியாகிப் போன மொத்த நீரால் வகுக்கிறார்கள். ஒரு கிலோ நீருக்கு இத்தனை கிராம் கரிமம் என்பது விடை. காட்டின் மைலேஜ் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வெளியே தாராளமாகக் கிடைப்பதால் துளையைச் சற்றே திறந்தாலும் இலைக்குப் போதும். ஆகவே திறன் கூடும். இதுவரை யாருக்கும் சிக்கலில்லை. சறுக்கல் இதற்கு அடுத்த வரியில்தான் தொடங்குகிறது.

‘திறன் கூடிவிட்டது, அப்படியானால் நீர் மிச்சம், ஆற்றில் வரத்து பெருகும்’ என்று எழுதிவிடுகிறார்கள். மைலேஜ் கூடிய வண்டிக்குப் பெட்ரோல் செலவு குறைவது, ஓடும் தூரம் மாறாமல் இருந்தால்தான். ஐரோப்பியக் காடுகளின் மரவளையங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவு இதற்கு நல்ல உதாரணம். 20ஆம் நூற்றாண்டில் அகன்ற இலை மரங்களின் திறன் சுமார் 14 சதவீதமும், ஊசியிலை மரங்களின் திறன் சுமார் 22 சதவீதமும் உயர்ந்திருந்தன. ஆனால் அதே நூற்றாண்டில் அந்தக் காடுகள் இலைவழி வெளியேற்றிய நீர், கணினி மாதிரிக் கணக்குப்படி, ஏறக்குறைய 5 சதவீதம் கூடியிருந்தது. வளரும் பருவம் நீண்டது, இலைப்பரப்பு விரிந்தது, வெப்பமான காற்று நீரை அதிகமாக இழுத்தது. ஒவ்வோர் இலையும் சிக்கனமாகத்தான் இருந்தது. குடும்பம் பெருத்ததால் வீட்டுச் செலவு ஏறிவிட்டது.

செலவுப் பக்கம் இப்படி என்றால், வரவுப் பக்கமும் நம்மை ஏமாற்றும். திறன் உயர்ந்தால் மரம் கொழுக்கும் என்பது அடுத்த தவறு. பொலிவியா, கேமரூன், தாய்லாந்து நாடுகளின் வெப்பமண்டல மரங்களில் 150 ஆண்டு வளையங்களைப் படித்தபோது, திறன் 30 முதல் 35 சதவீதம் கூடியிருந்தது. வளர்ச்சி வேகம் கூடவே இல்லை. சிட்னிக்கு அருகே யூகலிப்டஸ் காடு ஒன்றில் குழாய் வைத்துக் கூடுதல் கரியமில வாயு ஊட்டிப் பார்த்தார்கள். ஒளிச்சேர்க்கை கூடியது, மரம் பருக்கவில்லை. அந்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. சோறு அதிகம் கிடைத்து என்ன, குழம்பு வேண்டுமே.

வறட்சியில் துளைகள் மூடிக்கொள்ளும், எனவே திறன் தானாக உயரும் என்று நம்புவதையும் விட்டுவிட வேண்டும். 2003 கோடையில் ஐரோப்பா வெந்தபோது கண்டத்தின் ஒளிச்சேர்க்கை சுமார் 30 சதவீதம் சரிந்தது. காடுகளுக்கு மேல் காற்றை அளக்கும் கோபுரங்களின் கணக்கில் ஆவியான நீரும் கூடவே இறங்கியது. எதிர்பார்த்தபடி திறன் உயரவில்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். மண்ணில் ஈரமில்லாத இடத்தில் அந்தக் கொள்ளளவு நிரம்புவதில்லை. காற்றின் தாகம்தான் வளர்கிறது. துளை பாதி மூடினாலும் மீதிப் பாதி வழியே இழுவை பலமாகிறது. மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் சேர்ந்து விழும்போது ஈவு மட்டும் பெரிதாக ஒன்றும் நடக்காதது போலக் காட்டும். ஈவை மட்டும் வரைந்த வரைபடத்தை நான் நம்புவதில்லை. இரண்டையும் தனித்தனியே காட்டச் சொல்வேன்.

கீழே உள்ள எண்ணில் இன்னொரு பொறியும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள ஹார்வர்ட் காட்டில் 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரு கோபுரம் நிற்கிறது. மர உச்சிகளுக்கு மேல் ஒரு கருவி, காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா என்று ஒவ்வொரு நொடியும் பலமுறை அளக்கிறது; கூடவே அந்தக் காற்றில் எவ்வளவு நீராவி, எவ்வளவு கரியமில வாயு என்றும் பார்க்கிறது. நல்ல வெயிலில் மேலே ஏறும் காற்று ஈரமாகவும், கீழே இறங்கும் காற்று சற்றுக் கூடுதல் கரியமில வாயுவோடும் இருக்கும். அந்த வேறுபாட்டிலிருந்துதான் கணக்கு. ஆனால் வந்த நீராவி இலைத்துளையிலிருந்து வந்ததா, இரவு பெய்த மழையில் நனைந்த இலையின் மேலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து கிளம்பியதா என்று கருவிக்குத் தெரியாது. மழை நாள்களையும் அடுத்த ஓரிரு நாள்களையும் நீக்காமல் கணக்கிட்டால் மரத்தின் தலையில் மழையின் செலவை எழுதிவிடுவோம்.

அப்படி நீக்கிய பிறகு, இந்தக் காடு உட்பட அமெரிக்காவின் வடகிழக்கு, மத்திய மேற்குக் காடுகளில் திறன் உயர்ந்துவருவதாக 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. கணினி மாதிரிகள் எதிர்பார்த்ததைவிட உயர்வு மிகப் பெரிது. மரவளையங்களோ அவ்வளவு உயர்வைக் காட்டுவதில்லை. என் சாய்வு வளையங்களின் பக்கம். ஆனாலும் இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவது தவறு. வளையம் தருவது, இலைத்துளை திறந்திருந்த அளவுக்கு ஒளிச்சேர்க்கை எவ்வளவு என்ற விகிதத்தை. காற்றின் வறட்சி அதில் கழிந்துவிடும். கோபுரம் தருவது உண்மையில் போன நீரை. பெயர் மட்டும் ஒன்று.

செயற்கைக்கோள் வரைபடங்களுக்கு வந்தால், நாசா செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவியின் வழக்கமான ஒளிச்சேர்க்கைத் தரவு வெளிச்சம், பசுமை, வெப்பம், காற்றின் வறட்சி ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுவது. காற்றில் கரியமில வாயு கூடியதன் நேரடி விளைவு அந்தச் சூத்திரத்தில் இல்லை. அதை வைத்து வரைந்த படத்தில் ஒரு காட்டின் திறன் இருபது ஆண்டுகளாக உயரவில்லை என்று கண்டால், உயராதது காடா சூத்திரமா என்று முதலில் பார்க்க வேண்டும்.